ஒரு டம்ளர் நீத்தண்ணி

ஜூன் 9, திங்கள்

இவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். காய்ச்சல், பிரஷர், மூத்திர அளவு மூன்றையும் தினமும் எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை அதில் எழுதுகிறேன். மிச்சத்தைக் கொட்ட மருந்துக்கடைக்காரர் ஓசியில் கொடுத்த இந்த டைரி.

வாசலில் ஆரத்தித் தட்டோடு எதிர்வீட்டுச் செல்லக்கனி அக்கா நின்றாள். இவருக்குச் சுற்றினாள், வடிவுக்குச் சுற்றினாள். எனக்குச் சுற்றவில்லை. நான் என்ன, பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தானே. வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெய்வம்ளா நீ" என்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொடுத்துவச்சவ ஆவுடை. இப்படி ஒரு நாத்தனா யாருக்கு வாய்க்கும்?" என்றாள்.

வடிவு இவருடைய ஒரே தங்கை. சுரண்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தன் கிட்னியில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தவள், செக்கப்புக்கு அங்கேயிருந்து பாளையங்கோட்டைக்கு அலைய முடியாது என்று இங்கேயே தங்கியிருக்கிறாள். நானும்தான் முதல் ஆளாகப் போய் நின்றேன், என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எனக்குச் சர்க்கரை. "உங்க கிட்னி உங்களுக்கே வேணும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பொங்கிப்போட்டவள் உடம்பில் கொடுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னதை மறக்காமல் எழுதிவைக்கிறேன். வெளியாள் யார் வந்தாலும் உடம்பு விரட்டத்தான் பார்க்கும். கூடப்பிறந்தவளின் கிட்னியே ஆனாலும் இவர் உடம்புக்கு அது வெளியாள்தான். அதனால் இவருடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து வேண்டுமென்றே அமுக்கி வைத்திருக்கிறார்கள். "காவல்காரனைத் தூங்க வச்சிருக்கோம். இப்ப வீட்டுக்குள்ள யாரும் நுழையக்கூடாது, நல்லவங்களா இருந்தாலும் சரி" என்றார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். பழைய சோறு, அதன் நீத்தண்ணி, புளித்த மோர், ஊறுகாய் எதுவும் வாயில் படக்கூடாது. இட்லி தோசை வேகிறதால் பரவாயில்லை.

வெளியாள் என்று சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஆப்பரேஷனுக்குப் போட்ட மருந்தில் வடிவுக்கு வயிறு கெட்டுப்போய்விட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? பழைய சோறு!

"குடல்ல இருந்த நல்ல கிருமியும் மருந்துல செத்திருக்கும். புளிச்ச சாப்பாடு அதுங்களைத் திரும்பக் கொண்டுவரும். அந்தக் கிருமிங்கதான் நம்ம எதிர்ப்புச் சக்திக்கு, எதை அடிக்கணும், எதை விடணும்னு பழக்கிக்கொடுக்குதுன்னு சொல்றாங்க. ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு. அவங்களுக்குத் தாராளமாக் கொடுங்க. அவருக்கு மட்டும் வேண்டாம்."

ஒரே வீடு, ஒரே டாக்டர். அண்ணனுக்கு ஆகாதது தங்கைக்கு மருந்து. இவருக்கு ஒரு அடுப்பு, அவளுக்கு ஒரு மண்சட்டி என்று அடுக்களை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ராத்திரி மிஞ்சிய சோற்றைச் சட்டியில் போட்டுக் குழாயில் ஒரு செம்பு பிடித்து ஊற்றி மூடிவைத்தேன். வேலைக்காரி மாதிரித்தான்.

ஜூன் 16, திங்கள்

காலையில் வடிவு அடுக்களைச் சுவரோரம் ஒதுங்கித்தான் உட்கார்ந்தாள், அண்ணன் கண்ணில் படக்கூடாது என்று. இவருக்கு அந்த மணம் போதாதா? நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வருஷம் பி.டி. வாத்தியார். விடிகாலையில் ஒரு சொம்பு நீத்தண்ணி குடிக்காமல் மைதானத்துக்குப் போனதில்லை.

வடிவு சோற்றைப் பிசைந்து, சின்ன உள்ளியைக் கடித்து, மோர்மிளகாயை நொறுக்கினாள்.

"அந்தச் சத்தமாவது கேக்கட்டும் பாப்பா. நல்லாக் கடி" என்கிறார் இவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வடிவு தையலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உப்பு குறைத்துக் காய்ச்சிய கோதுமைக் கஞ்சியை இவர் முன்னால் வைத்தேன்.

"கஞ்சி எப்படி இருக்கு?"

"இருக்கு."

பாதியை வைத்துவிட்டார். கொட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

வடிவுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. வயிறு சரியாகிவிட்டதாம், நன்றாகத் தூங்குகிறாளாம். பார்க்க வருகிறவர்களெல்லாம், "கிட்னி குடுத்தவ மாதிரியா இருக்கா? ரோசாப்பூ மாதிரில்லா இருக்கா" என்கிறார்கள். அந்த ரோஜாப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் ஒருத்தி அடுக்களையில் நிற்கிறாள், அவளை யாரும் பார்ப்பதில்லை.

பேசும்போது இவர் வலது அடிவயிற்றில் கையை வைத்துக்கொள்கிறார். புதுக் கிட்னியை அங்கேதான் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தூங்கும்போதும் கை அங்கேதான். இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்தவள் நான். உள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டவள் அவள். எனக்கு எரிகிறது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை, வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

செல்லக்கனி அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய சோறு சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி மலைபோல ஏறும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்களாம். "சங்கரலிங்கத்துக்கு ஒரு வாய் குடுத்தா என்னளா?" என்று கேட்டாள்.

வடிவு சீறிவிட்டாள். "அவனுக்கு ஏறக்கூடாதுக்கா. ஏறிச்சுன்னா என் கிட்னியப் புடிச்சு வெளிய தள்ளிரும். ஒரு வாயும் கிடையாது, ஒரு சொட்டும் கிடையாது."

என் கிட்னி என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் குளிக்கப் போனதும் இவர் மெதுவாக அடுக்களைக்கு வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னப்பிள்ளை மாதிரி முகம்.

"ஏட்டி."

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து என்னை ஏட்டி என்று கூப்பிடவில்லை. கூப்பிடத் தெம்பும் இல்லை.

"சொல்லுங்க."

"சோறு வேண்டாம். நீத்தண்ணி ஒரு வாய். நாக்கு செத்துப்போச்சுட்டி."

"உங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க. அவதான எல்லாம் குடுக்கா."

"அவகிட்ட எப்படிட்டி கேப்பேன்? உங்கிட்டதான கேக்க முடியும்."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கிட்டதான கேக்க முடியும் என்றார். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். உங்கிட்டதான கேக்க முடியும்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று இவருக்கு நல்ல உற்சாகம். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கஞ்சியை முழுதும் குடித்தார். வடிவு குளித்துவிட்டு வருவதற்குள் அடுக்களை வேலை முடிந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

துணி துவைத்தேன். கொடிக்கயிறு அறுந்து எல்லாம் மண்ணில் விழுந்து, மறுபடி துவைத்தேன். ஆனாலும் கோபமே வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது, நானேதானே படிக்கப்போகிறேன். ஒரு டம்ளர் நீத்தண்ணி. சோறு ஒரு பருக்கைகூட இல்லை, வடிகட்டித்தான் கொடுக்கிறேன். இரண்டு கல் உப்பு. காலையில் வடிவு குளியலறைக் கதவைச் சாத்தியதும் வந்துவிடுகிறார். நின்றுகொண்டே மடமடவென்று குடிக்கிறார். மூக்கு நுனி வேர்க்கிறது. "அப்பாடி" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். கல்யாணமான புதுசில் மாமியாருக்குத் தெரியாமல் இப்படிச் சிரித்திருக்கிறோம்.

காலங்காலமாக மனுஷர்கள் குடிக்கிறதுதானே. நல்ல கிருமி என்று டாக்டரம்மாவே சொல்லவில்லையா?

ஜூன் 29, ஞாயிறு

நேற்று செக்கப். ரத்தத்தில் கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது, கிட்னி ஜோராக வேலை செய்கிறது என்றார்கள். பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வடிவு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவள் கிட்னிக்கு அவள் உடைக்கிறாள். என் டம்ளருக்கு யார் உடைப்பார்கள்?

கிட்னியைக் கொடுத்தவளால் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதை நான் கொடுக்கிறேன். இது போதும் எனக்கு.

ஜூலை 2, புதன்

இவருக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு. சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். வடிவு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று குதிக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியா? இன்று காலை டம்ளரை எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

காய்ச்சல். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார், உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. சேர்த்துவிட்டோம்.

ஜூலை 4, வெள்ளி

கிரியேட்டினின் இரண்டு மடங்கு ஏறிவிட்டது. மூத்திரம் குறைந்துவிட்டது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"என்ன சாப்பிட்டார்? மறைக்காமச் சொல்லுங்க. வெளிச் சாப்பாடு? பச்சைத் தண்ணி? மோர்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். "எல்லாம் நான் கொதிக்கவச்சுக் குடுத்ததுதான்."

என் வாய்தான் சொன்னது. நான் சும்மா நின்றேன்.

"அப்படின்னா உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பிச்சிருச்சோன்னுதான் நினைக்க வேண்டியிருக்கு. எதிர்ப்புச் சக்தியை இன்னும் நல்லா அமுக்குற மருந்தை இன்னைக்கே ஏத்தணும். அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஏதாவது கிருமி வயித்துக்குள்ள போயிருந்தா, இந்த மருந்து கொடுத்ததும் அதுக்குக் கொண்டாட்டமாயிடும். உயிருக்கே ஆபத்து. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. பக்கத்தில் வடிவு நிற்கிறாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது? உன் கிட்னிக்கு நான் இதைச் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? தரையில் டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் டாக்டர் குடுத்தேன்" என்றாள் வடிவு.

"எதை?"

"நீத்தண்ணி. என் சட்டியில இருந்து. ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். ஆசப்பட்டுக் கேட்டான்."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "என்னம்மா நீங்க! கொடுத்த கிட்னியை நீங்களே கெடுக்கப் பாத்தீங்களே! எந்தத் தண்ணி அது? கொதிக்கவச்சதா?"

வடிவு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும், ஊற்றிவைத்தது நான்தானே.

"குழாய்த் தண்ணி" என்றேன். அது மட்டும் வாயிலிருந்து வந்தது.

நர்ஸ், பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வடிவு தலையைக் குனிந்துகொண்டு அத்தனை திட்டையும் வாங்கினாள். மருந்தை மாற்றிவிட்டார்கள். அமுக்குகிற மருந்து இப்போது வேண்டாம், கிருமிக்கு ஊசி, உடம்பில் நீர் ஏற டிரிப்ஸ். இரண்டு நாளில் தெரியும் என்கிறார்கள்.

ஜூலை 5, சனி

எனக்கு நன்றி வர வேண்டும். வரவில்லை. வந்ததை அப்படியே எழுதுகிறேன். பழியைக்கூட அவளே எடுத்துக்கொண்டாளே என்றுதான் வந்தது. கிட்னியும் அவள் கொடுத்தாள், இப்போது உயிரையும் அவளே காப்பாற்றினாள், திட்டும் அவளே வாங்கினாள். எனக்கென்று ஒரு தப்பைக்கூட மிச்சம் வைக்கமாட்டாளா?

அதற்குள் இன்னொன்று. இவருக்குக் குடிக்கிற தண்ணீரைக் தளதளவென்று கொதிக்கவைத்தவள், அந்தச் சட்டிக்கு மட்டும் குழாயில் பிடித்து ஊற்றினேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்குத்தானே என்றுதான் ஊற்றினேன். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொதிக்கவைக்க எனக்குக் கை வரவில்லை. அந்தத் தண்ணீர்தான் சுற்றிக்கொண்டு இவர் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மூத்திரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. சாமி, கூடட்டும்.

ஜூலை 7, திங்கள்

கிரியேட்டினின் இறங்க ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது. கிட்னி தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்னதும் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து அவர் அறைக்குப் போனேன். "டாக்டர், அந்த நீத்தண்ணி குடுத்தது வடிவு இல்ல. நான். அவளுக்குத் தெரியாமத்தான் குடுத்தேன்" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என் பொருளைத் திரும்பக் கேட்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யார் கொடுத்தா என்னம்மா? அன்னைக்கு யார் சொன்னாங்கங்கறதுதான் முக்கியம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அந்த மருந்தை ஏத்தியிருப்பேன்."

போங்கள் என்றார். வந்துவிட்டேன். எவ்வளவு துணிச்சலைச் சேர்த்துக்கொண்டு போனேன், ஒன்றுக்கும் உதவவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வடிவிடம் சொன்னேன், ஆஸ்பத்திரி கேன்டீனில். அவளுக்கு டீ, எனக்குச் சர்க்கரை இல்லாத டீ.

"தெரியும் மைனி" என்றாள். "சட்டியில தண்ணி தினமும் கொறைஞ்சுது. நீங்கதான் குடிக்கியன்னு நெனச்சேன். நல்லதுதானன்னு விட்டுட்டேன். டாக்டரம்மா கேட்டப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன், அப்பதான் தெரிஞ்சுது."

"பின்ன என்னயக் காட்டிக்குடுக்க வேண்டியதுதான?"

"அவ்வோ மருந்த ஏத்தப் போறாவ. உங்களப் பேச வைக்க எனக்கு நேரமில்ல மைனி."

அவ்வளவுதானாம். தியாகமெல்லாம் ஒன்றுமில்லை, நேரமில்லையாம். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? எப்படிக் கேட்டான் உங்ககிட்ட?"

"எத?"

"நீத்தண்ணிய."

"ஏட்டின்னு கூப்பிட்டாவ. நாக்கு செத்துப்போச்சுன்னாவ."

அவள் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வாய் கேக்கலையே மைனி. தினமும் பக்கத்துலதான உக்காந்திருந்தான். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன், நல்லா ஏசியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்லா. ஆப்பரேசன் முடிஞ்சதுலேருந்து எங்கிட்ட விருந்தாளிகிட்டப் பேசுத மாதிரி பேசுதான். வலிக்காமா, சாப்ட்டியாமா, தூங்குனியாமான்னு. முன்னயெல்லாம் தலையில குட்டுவான். இப்பம் கையெடுத்துக் கும்பிடாத குறை. உங்களத்தான் ஏட்டின்னு கூப்பிட்டு வேணும்ங்கிறதக் கேக்கான். எனக்குப் பொறாமையா இருக்கு மைனி. குடுத்துட்டு அண்ணன இழந்துட்டேன் பாத்துக்கிடுங்க."

அவள் கையைப் பிடித்தேன். ஆறுதலாக ஏதோ சொன்னேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் இப்படி ஒரு புத்தி எனக்கு. ஆனால் பொய் எழுத மாட்டேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இவரை மறுபடி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வடிவை அழைத்துப்போக அவள் வீட்டுக்காரர் வந்திருந்தார். கிளம்புகிற காலையில் அவளுக்குப் பழைய சோறு வைத்தேன். நேற்றே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினேன். காணத்துவையல் அரைத்தேன். உள்ளி உரித்துக் கொடுத்தேன். இவரை முன்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

"இன்னைக்கு நல்லா இருக்கு மைனி. என்ன போட்டிய?"

"ஒண்ணும் போடல. சாப்பிடு."

போகும்போது இவர் எழுந்து கையெடுக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து, "குட்டுங்க அவ தலையில" என்றேன். விழித்தார். பிறகு மெல்ல ஒரு குட்டு குட்டினார். வடிவு கார் ஏறும்வரை தலையைத் தடவிக்கொண்டே போனாள். ஏன்தான் அதைச் சொன்னேனோ என்று எனக்கு உடனே ஆகிவிட்டது.

சட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏட்டி."

திரும்பவில்லை. குரலிலேயே தெரிந்துவிட்டது.

"சட்டி எங்கட்டி? கொதிச்ச தண்ணியிலயே ஊத்து. ஒரே ஒரு வாய்."

"கெடையாது."

"ஏட்டி, நாக்கு..."

"நாக்கு செத்தாச் சாகட்டும். நீங்க இருந்தாப் போதும். போய் உக்காருங்க, கஞ்சி கொண்டாரேன்."

முகம் தொங்கிவிட்டது. திரும்பிப் போகிறவர், நடையில் நின்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இதுக்கு வடிவே தேவல. அவகிட்ட கேட்டிருந்தாத் தந்திருப்பா."

அகப்பை கையில் அப்படியே நின்றது. தந்திருக்க மாட்டாள். நல்லா ஏசியிருப்பேன் என்று அவளே தன் வாயால் என்னிடம் சொன்னாள். அதை இவரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவள்மேல் பாசம் இன்னும் ஒரு பங்கு கூடும். எனக்கென்ன தலையெழுத்து? சொல்லவில்லை.

கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தார். முழுதும் குடித்தார். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை என்னை ஏட்டி என்று கூப்பிடவில்லை.

பிரஷர் எழுதியாயிற்று. மூத்திரம் எழுதியாயிற்று. காய்ச்சல் இல்லை.